கீமேன் அண்ணனின் தகரப்பெட்டி

பெரியோர்களே, தாய்மார்களே, தண்டவாளத்தில் அவரோடு சேர்ந்து உழைத்த தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற மாதம் நம்மைவிட்டுப் பிரிந்த அண்ணனை நினைவுகூர இந்தப் பாம்பன் கரையில் கூடியிருக்கிறோம். பெற்றோர் அவருக்கு ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனாலும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் அவரைக் ‘கீமேன் அண்ணன்’ என்றுதான் அழைத்தது. அடுத்த வீட்டுக்காரனாகவும் அவரைவிட இளையவனாகவும் இருந்த நானும் அப்படியே சொல்கிறேன்.

அண்ணன் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தபோது அவருக்கு வயது பத்து. அன்று கடல் கொண்டுபோன ரயிலைப் பற்றியும் ஊரைப் பற்றியும் இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் விரிக்க வேண்டியதில்லை. உயிர் பிழைத்துப் பாம்பனுக்கு வந்து சேர்ந்த அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, புயலில் சிதைந்த ரயில் பாலத்தின் கர்டர்களைக் கடலிலிருந்து தூக்கி மீண்டும் பொருத்துவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். 46 நாட்களில் பாலம் எழுந்தது. தனுஷ்கோடிப் பாதையோ எழவே இல்லை. இழந்த ஊரைப் பற்றி அதிகம் பேசாத அண்ணன், அந்த 46 நாட்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் விடிய விடியப் பேசுவார்.

ரயில்பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, பிறகு கீமேன் ஆனார். கீமேன் வேலை என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் சாவிகள் ரயிலின் அதிர்வில் தளரும். தினமும் தம் எல்லை முழுவதும் நடந்து, தளர்ந்ததைச் சுத்தியலால் அடித்து இறுக்குவது அவர் பணி. போகும்போது ஒரு தண்டவாளத்தையும் திரும்பும்போது மற்றதையும் பார்த்துவர வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பானரும், கையில் சிவப்பு, பச்சைக் கொடிகளும் இருக்கும். தரையில் இந்த வேலை ஒரு விதம்; 1914இல் திறக்கப்பட்டு 2 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்த பழைய பாலத்தில், கட்டைகளின் இடைவெளியில் கீழே கடல் சுழித்து ஓடுவதைப் பார்த்தபடி, வடகடலிலிருந்து வாடைக்காற்று ஆளைத் தள்ளும் மார்கழி மாதத்தில் செய்யும்போது அது வேறு விதம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்த அங்கே கருவி இருந்தது. நடந்து போகிறவரை நிறுத்தக் கருவி ஏதும் இருக்கவில்லை. அவர் தாமாகவே காற்றை அளந்து காலெடுத்து வைத்தார்.

ஒருமுறை அவரோடு சிறிது தூரம் தரைப்பாதையில் நடந்தேன். ஒரு சாவியைச் சுத்தியலால் தட்டினார், கணீரென்றது. அடுத்ததைத் தட்டினார், எனக்கு அதுவும் அப்படியே கேட்டது. அவரோ குந்தி உட்கார்ந்து, சாவியின் விளிம்பில் படிந்திருந்த உப்புத் துருவைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிவிட்டு, இரண்டு அடி கொடுத்து, மறுபடி தட்டிக் காட்டினார். “இப்பக் கேளு தம்பி. முன்னாடி கேட்டது இரும்புச் சத்தம். இது பிடிமானத்தோட சத்தம்” என்றார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ‘தனிக்கட்டை, கொடுத்துவைத்த மனுஷன்’ என்று சிலரும், ‘பாவம், கடைசிக் காலத்தில் யார் பார்ப்பார்கள்’ என்று பலரும் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் அவரை அறியாதவர்கள் பேச்சு. ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன். இரண்டு தங்கைகளையும் ஒரு தம்பியையும் கரையேற்றி முடிக்கையில் நாற்பது கடந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு அந்த எண்ணமே வரவில்லை என்றும் சொன்னார். அவ்வளவுதான். அதில் வருத்தம் ஒளிந்திருந்ததாக நான் இட்டுக்கட்டிப் பேச விரும்பவில்லை.

பணி ஓய்வுக்குப் பிந்தைய பத்தாண்டுகளைத்தான் நான் மிக அருகில் இருந்து பார்த்தேன். அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் உடன் வேலை பார்த்து இறந்துபோன கேங்மேன்களின் ஓய்வூதிய ஆணை நகல்கள், இறப்புச் சான்றுகள், மனைவிமாரின் ஆதார் நகல்கள் எல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவராகப் பிரித்துக் கட்டப்பட்டிருக்கும். பதிவேட்டில் ‘முனியம்மா’ என்றும் ஆதாரில் ‘முனியம்மாள்’ என்றும் இருந்துவிட்டால் போதும், குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுவிடும். அந்த ஓர் எழுத்துக்காக மனு எழுதி, கையெழுத்து வாங்கி, மதுரைக்கு அலைந்து, சரிசெய்து கொடுத்தவர் அவர். பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே கணவனை இழந்து, வருமானமின்றி இருக்கும் மகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் கோர இடமுண்டு என்பது இந்த ஊரில் பலருக்குத் தெரியாது. தங்கச்சிமடத்தில் அப்படி ஒரு சகோதரி இன்று மாதாமாதம் பணம் பெறுகிறார் என்றால் அதற்கு அண்ணனின் தகரப்பெட்டியே காரணம்.

நவம்பர் மாதம் வந்தால் அவருக்கு ஓய்வே கிடையாது. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று தர வேண்டிய மாதம் அது. கருவாட்டு உப்பில் ஆண்டுக்கணக்காகக் கையை வைத்தவர்களின் ரேகை இயந்திரத்தில் எளிதில் விழாது. அண்ணன் ஒரு சிறிய துணியும் வெந்நீர் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வங்கிக்கு வருவார். “ஆத்தா, வெரலக் குடுங்க” என்று ஒவ்வொரு விரலாக ஒத்தடம் கொடுத்துத் துடைத்து, மறுபடி வைக்கச் சொல்வார். முகத்தைப் படம் பிடித்தே சான்று தரும் முறை வந்த பிறகு, அதையும் பேரன் வயதுப் பையன் ஒருவனிடம் கைப்பேசியில் கற்றுக்கொண்டார்.

அவருடைய ஓய்வூதிய ஆணையில் குடும்ப ஓய்வூதியம் பெறுவோர் என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது. அவரது ஓய்வூதியம் அவரோடு நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தை என்னிடம் காட்டியபோது அவர் முகம் வாடவில்லை. எழுத்துப்பிழைக்கு இடமில்லாத தாள் இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, அடுத்த கவரை எடுத்தார்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. அதன் பிறகும் மாலை வேளைகளில் கரைக்கு வந்து தூக்குப்பாலத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அடுத்த வாரமே மண்டபம் வரை போய் வரலாம் என்று என்னை அழைத்தார். வண்டி பாலத்தில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னல் கம்பியில் காதை வைத்துக்கொண்டார். மண்டபத்தில் இறங்கியதும், “சத்தம் வேற மாதிரி இருக்கு. நல்லா இறுக்கமா இருக்கு” என்றார். புதியதைப் பழித்துப் பழையதைப் புகழும் வயதில் இருந்தவர், தம் கைபடாத இரும்பையும் மனமாரப் பாராட்டியதை நான் மறக்க மாட்டேன்.

அவருக்குக் கொள்ளி வைத்தவர் தங்கை மகன். சுடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லாத பெண்கள் தெருமுனையில் நின்றார்கள். அவர்களில் பன்னிரண்டு பேருடைய கவர்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. சந்தனக்கூடுக்கும் சப்பரத்துக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் ஒன்றாக நிற்கும் ஊர் இது. அன்றும் அப்படித்தான் நின்றது.

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. எண்பது வயது கடந்த இரண்டு தாய்மார்கள் இந்த அக்டோபரிலேயே சான்று தரலாம் என்பதால் அவர்களை அடுத்த திங்கட்கிழமை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போகிறேன். மீதிப் பத்துப் பேருக்கும் நவம்பரில் போக வேண்டும். கைப்பேசி இயக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் உடன் வந்தால் உதவியாக இருக்கும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பிளாஸ்க்கில் வெந்நீர் நான் கொண்டுவருகிறேன்.