உயிர்த்த ஞாயிறும் வரலாற்றின் கேள்விகளும்

அன்புள்ள நேயர்களே, வணக்கம்.

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்குக் கிறிஸ்தவ நாகரிகம் படிப்பித்த காலத்தில், ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "சேர், இயேசு உயிர்த்தெழுந்தது நடந்த வரலாறா, நாங்கள் நம்புகிற ஒன்றா?" என்று கேட்கும். சான்றுகள் எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடியவை என்று சொல்லி, அந்தப் பிள்ளையை நான் இருத்திவிடுவேன். அந்தப் பதில் அவசரமானது. அது கேள்வியையும் மதிக்கவில்லை, விசுவாசத்தையும் மதிக்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. உயிர்த்த ஞாயிறு நெருங்குகின்ற இவ்வேளையில், வரலாற்றாய்வு எதுவரை பேசும், எந்த இடத்தில் அது வாய்மூடிக்கொள்ளும் என்பதை உங்களோடு சேர்ந்து நிதானமாக எண்ணிப்பார்க்க விரும்புகிறேன்.

முதலில், கிறிஸ்தவர்கள் எதைத்தான் சொல்கிறார்கள்? சைவ நேயர்கள் பலருக்குத் திருமயிலைப் பூம்பாவையின் வரலாறு உடனே நினைவுக்கு வரும். பாம்பு தீண்டி இறந்து, எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் வைக்கப்பட்டிருந்த பெண், திருஞானசம்பந்தர் பதிகம் பாட உயிர்பெற்று எழுந்தாள் என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்டது. விவிலியத்திலும் அதற்கு நிகராக இலாசரின் கதை உண்டு. அவன் கல்லறையிலிருந்து வெளியே வந்தான், பின்னொரு நாள் மீண்டும் இறந்திருப்பான். இயேசுவைப் பற்றிய கூற்று அந்த வகையைச் சேர்ந்ததன்று. அவர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வந்தார் என்று சீடர்கள் சொல்லவில்லை. சாவு இனித் தீண்டமுடியாத ஒரு வாழ்வுக்குள் கடவுள் அவரை எழுப்பினார் என்றே சொன்னார்கள். மறுபிறவியும் அன்று, ஆன்மா மட்டும் வாழ்கிறது என்பதும் அன்று.

அந்தக் காலத்து யூதர்களுக்கு உயிர்த்தெழுதல் என்ற இந்தச் சொல் புதிதல்ல. தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம் மண்ணில் உறங்குவோர் விழித்தெழுவதைப் பற்றிப் பேசுகிறது. மக்கபேயர் இரண்டாம் நூலில், சித்திரவதைக்கு உள்ளான ஏழு சகோதரர்கள் அந்த நம்பிக்கையோடுதான் உயிரை விடுகிறார்கள். யூத சமயக் குழுக்களில் பரிசேயர் அதை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர். ஆனால் ஏற்றவர்கள்கூட எதிர்பார்த்தது, உலகின் முடிவில் எல்லோரும் எழுப்பப்படுவதை. காலத்தின் நடுவே ஒருவர் மட்டும், அதுவும் உரோமரின் சிலுவையில் இழிவாக மாண்ட ஒருவர், முன்னதாக எழுப்பப்படுவார் என்று எவரும் காத்திருக்கவில்லை. காத்திராத ஒன்றைச் சீடர்கள் ஏன் சொல்லத் தொடங்கினார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் எல்லோரும் விடைகாண வேண்டிய வினா.

நம் கைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று நற்செய்தி நூல்களில் இல்லை. கி.பி. 53க்கும் 55க்கும் இடையில் இயேசுவின் தூதராகிய பவுல் எபேசு நகரிலிருந்து கொரிந்துச் சபைக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்திலேயே அது இருக்கிறது. "நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்கும் ஒப்படைத்தேன்" என்று தொடங்கி, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுப்பப்பட்டார், கேபா எனப்படும் பேதுருவுக்கும் பின்னர் பன்னிருவருக்கும் தோன்றினார் என்று அவர் அடுக்குகிறார். அதன்பின் ஐந்நூறுக்கு மேற்பட்டோர், யாக்கோபு, அப்போஸ்தலர் அனைவர், கடைசியாகத் தாம்.

இந்த வரிகளை நான் முதன்முதலில் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தபோது, எங்கள் ஊர்க் கூத்துக் களரிதான் கண்முன் வந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிக்கொண்டு ஒரு வரியைப் பாடுவார். எதிரே நிற்கும் இளைஞன் அதை அப்படியே திருப்பிப் பாடுவான். ஒரு சொல் பிசகினாலும் மத்தளம் நின்றுவிடும், அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரவு இரவாகப் பழகி வாய்க்குள் ஏறிய வரிகள் எழுதி வாசிக்கும் வசனத்தைப் போல இருப்பதில்லை. சந்தத்தாலேயே அவற்றை இனங்காணலாம். பவுலின் திருமுகத்தில் அந்த நான்கு வரிகளும் அவ்வாறே தனித்து ஒலிக்கின்றன. பவுல் வழக்கமாகக் கையாளாத சொற்களும் அவற்றில் உள்ளன. ஆகவே அவர் எழுதுவதற்கு முன்பே அது மனனமாக ஒப்புவிக்கப்பட்டு வந்த அறிக்கை என்பதில், விசுவாசிகளும் விசுவாசம் இல்லாதோருமான ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தாம் மனமாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குப் போய்க் கேபாவுடன் 15 நாள் தங்கியதாகவும், ஆண்டவரின் சகோதரராகிய யாக்கோபையும் கண்டதாகவும் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் அவர் சொல்கிறார். சிலுவைச் சாவு கி.பி. 30 அல்லது 33இல் நிகழ்ந்தது என்று கொண்டால், அந்த அறிக்கை சில ஆண்டுகளுக்குள்ளேயே வழக்கில் இருந்திருக்கிறது. தலைமுறைகள் கடந்தபின் புனைந்த கதை இது என்று சொல்வோருக்கு, இங்கே பதில் சொல்வது கடினம்.

ஆயினும் அந்த அறிக்கையில் இல்லாதவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் வெறுமையான கல்லறை இல்லை, பெண்களும் இல்லை. இவ்விரண்டும் மாற்கு நற்செய்தியில்தான் முதலில் நமக்குக் கிடைக்கின்றன. அது ஏறக்குறைய கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பர். நான்கு நற்செய்திகளும் ஒன்றோடொன்று முழுவதும் பொருந்துவதில்லை. யோவான் மகதலேனா மரியாளை மட்டும் முன்னிறுத்துகிறார். மற்றவர்கள் வேறு பெண்களின் பெயரையும் சொல்கிறார்கள். கல்லறையில் பெண்கள் கண்ட தூதர் ஒருவரா இருவரா என்பதில் வேறுபாடு உண்டு. சீடர்களுக்கு இயேசு தோன்றியதை மத்தேயு கலிலேயாவில் வைக்கிறார், லூக்கா எருசலேமில் வைக்கிறார். இவற்றை ஒட்டுப்போட்டு ஒரே கதையாக்க முயன்ற நூல்கள் பல. எனக்கு அந்த முயற்சி மனதுக்கு ஒப்பவில்லை. நால்வரும் ஒருமுகமாகச் சொல்வது, முதலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள் என்பதையே. பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதிவைத்த அந்தக் காலத்தில், இட்டுக்கட்டுபவன் பெண்களையா சாட்சியாக நிறுத்துவான் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்துக்குக் கனம் உண்டு. ஆனாலும் பிணத்துக்கு நறுமணப் பொருள் பூசுவது பெண்களின் வேலையாகையால் கதையில் அவர்கள் வருவது இயல்பே என்று மறுப்பவர்களையும் நான் தள்ளிவிடமாட்டேன்.

இதைச் சொல்லும்போது என் அம்மம்மா நினைவுக்கு வருகிறார். நவம்பர் 2ஆம் திகதி மரித்தோர் நாளுக்கு முன்னதாக, ஒரு சிரட்டையில் கறுப்புப் பெயின்றும் ஒரு சிறு தூரிகையும் எடுத்துக்கொண்டு சவக்காலைக்குப் போவார். மரச்சிலுவையில் வெயிலும் மழையும் தின்றுபோன அம்மப்பாவின் பெயரை, எழுத்தெழுத்தாகத் தடவிப்பார்த்து மீண்டும் எழுதுவார். மணலில் பழைய மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்குவது என் வேலை. இறந்தவரின் இடத்தைத் தேடிப் போகும் பெண்ணுக்கு எந்த இடம் என்பதில் தவறு நேராது என்பதை அந்த வயதில் பார்த்தவன் நான். பெண்கள் கல்லறை மாறிப் போய்விட்டார்கள் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைக்கப்பட்ட விளக்கத்தைப் படித்தபோது, ஆய்வு நோக்குக்கு அப்பால், மனம் அதை ஏற்க மறுத்தது.

அடக்கமே நடந்திருக்காது என்பது இன்னொரு வாதம். சிலுவையில் அறையப்பட்டவர்களின் உடல்களைப் பறவைகளுக்கும் நாய்களுக்கும் விட்டுவிடுவது உரோமரின் வழமை என்பதால், இயேசுவின் உடலும் அடையாளமற்ற குழிக்குள்ளேயே போயிருக்கும் என்று ஜோன் டொமினிக் குரொசன் போன்ற ஆய்வாளர்கள் கூறுகின்றனர். 2004 டிசம்பர் 26க்குப் பின், கல்லடி தொடக்கம் கல்முனை வரையான கரையில் பெயரறியாமல் ஒரே குழியில் பலரை அடக்கம் செய்யக் கண்ட நமக்கு, அது எத்தகைய துயரம் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் கிடைத்த எலும்புப் பேழையொன்றில், குதிகால் எலும்பில் ஆணி தைத்தபடியே யெகோகனான் என்பவரின் எச்சங்கள் இருந்தன. சிலுவையில் மாண்ட ஒருவரைக் குடும்பத்தார் முறையாக அடக்கம் செய்ய முடிந்திருக்கிறது. இயேசுவின் உடலை அடக்கம் செய்தவர் என்று நற்செய்திகள் சொல்லும் அரிமத்தியா யோசேப்பின் கதையை அது நிரூபிக்கவில்லை. நடக்கவே முடியாத காரியம் என்ற பேச்சை மட்டும் நிறுத்துகிறது.

உடலைச் சீடர்கள் திருடினார்கள் என்ற குற்றச்சாட்டு மத்தேயு நற்செய்தியிலேயே பதிவாகியுள்ளது. 2ஆம் நூற்றாண்டில் செல்சு என்ற கிரேக்க அறிஞர், பித்துப்பிடித்த ஒரு பெண்ணின் பேச்சு என்று இகழ்ந்தார். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான ரைமாரூஸ் திருட்டு வாதத்தைப் புதுப்பித்தார். 1748இல் தத்துவஞானி டேவிட் ஹியூம், இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான எந்தச் சாட்சியையும்விட, அந்தச் சாட்சி பிழையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று வாதிட்டார். 1835இல் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராவுஸ் சீடர்கள் கண்டவை மனக்காட்சிகள் என்றார். இவற்றுள் மனக்காட்சி வாதமே இன்றுவரை வலிமையோடு நிற்கிறது. பிரியமானவரை இழந்தவர்கள் அவரைக் காண்பதும் அவர் குரலைக் கேட்பதும் உலகெங்கும் அறிந்த அனுபவம். ஆனால் அப்படிக் கண்டவர்கள் "அவர் ஆவி வந்தது" என்பார்கள். "கடவுள் அவரை எழுப்பினார், புதிய யுகம் தொடங்கிவிட்டது" என்று சொல்லக் கிளம்புவதில்லை. சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்கு இயேசுவை இழந்த துக்கமும் இருக்கவில்லை. பிஞ்சாஸ் லாப்பிடே என்ற யூத அறிஞர், இயேசுவை யூதர் எதிர்பார்த்த மீட்பரான மெசியா என்று ஏற்காமலேயே, அவருடைய உயிர்ப்பு நடந்த ஒன்று என்று கருதினார் என்பதையும் நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன். இயேசு சிலுவையில் மாண்டதும், அவரை உயிரோடு கண்டதாகச் சீடர்கள் மிக விரைவிலேயே மனமார நம்பியதும் வரலாறு. அவர்கள் கண்டது எது என்ற இடத்தில் வரலாற்றாசிரியரின் கருவிகள் நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் நான் சொல்வதை விசுவாசி என்ற முறையில் சொல்கிறேன். அதற்கு வரலாற்றின் முத்திரையைக் கேட்கமாட்டேன். இயேசுவின் கல்லறை இருந்த இடம் என்று மரபு சொல்லும் எருசலேம் திருக்கல்லறை ஆலயத்தில், கல்லறையின் சலவைக்கல் மூடியை 2016இல் அகற்றிப் பார்த்தபோது அடியில் சுண்ணக்கல் படுக்கை தெரிந்தது. அங்கிருந்த சாந்தின் காலம் ஏறக்குறைய கி.பி. 345 என்று கணிக்கப்பட்டது. இடம் சரியாகவே இருக்கட்டும். வெறுங்கல் எதையும் சாட்சி சொல்லாது.

இந்த ஒலிபரப்பைக் கேட்கும் முஸ்லிம் நேயர்கள், ஈஸா நபி சிலுவையில் அறையப்படவே இல்லை, இறைவன் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்ற திருக்குர்ஆனின் கூற்றை நினைப்பார்கள். சிலுவைச் சாவைப் பற்றி உரோம வரலாற்றாசிரியர் தசித்துவின் குறிப்பையே நான் சுட்டுவேன்; ஆயினும் அந்த மனிதரைச் சாவு வெல்லவில்லை என்பதில் நாம் அயலவர்கள்தாம்.

கொரிந்தியர் பவுலிடம் கேட்டது, மரித்தோர் எந்த உடலோடு வருவார்கள் என்று. அவர் விதையைக் காட்டினார்: விதைப்பது வெறும் மணி, எழுவது வேறொன்று. அவர் சொன்னது கோதுமையை; நம் வட்டைகளில் பெரும்போகத்துக்கு முளைகட்டிய நெல்லை விதைத்தவருக்கு அந்த உவமைக்கு உரை வேண்டாம். சாக்கில் கிடந்த மணிக்கும் தை மாதத்துக் கதிருக்கும் உருவத்தில் ஒற்றுமை இல்லை. ஆனால் அது அதுவேதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நம் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நடந்ததை இங்கே விவரிக்க மாட்டேன். ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள் பலர் அன்று வீடு திரும்பவில்லை. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12ஆம் திகதி வந்தபோது கொரோனா ஊரடங்கு, ஆலயங்கள் பூட்டியிருந்தன. விடியற்காலையில் வீட்டில் விளக்கேற்றி, குடும்பமாக மாற்கு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தை வாசித்தோம். நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் அந்த நூல் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது; அதற்குப் பின்னுள்ள 12 வசனங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்பதே பெரும்பாலான அறிஞரின் முடிவு. நானும் அங்கேயே நிறுத்தினேன். பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயந்திருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் தன் விவிலியத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, "மிச்சத்தை வாசிக்கேல்லையா அப்பா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் இருப்போம் என்றேன். ஒழுங்கை முழுக்க அமைதியாக இருந்தது; பிறகு பக்கத்து வீட்டில் யாரோ மெதுவாகப் பாடத் தொடங்கினார்கள்.

வணக்கம்.