36 டிரிபிள்: ஓடியது மைதானமா, வில்சனா?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1912 அமெரிக்க பேஸ்பால் பருவத்தில் டிரிபிள்கள், அதாவது ஆட்டக்காரர் ஒரே அடியில் மூன்றாவது பேஸ் (ஓடும் வழியில் தொட வேண்டிய நிலை) வரை ஓடிச் சேரும் அடிகள், குவியக் காரணம் மைதானமா, ஆட்டக்காரரா என்பது இன்றைய கேள்வி. நான் ஆட்டக்காரர் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஓவன் வில்சன் அந்த ஆண்டு அடித்த 36 டிரிபிளில் 24, சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் வந்தவை, அங்கே இடதுக்கும் நடுவுக்கும் இடையில் மைதானத்தின் எல்லைச் சுவர் மட்டை வீசும் இடத்திலிருந்து 450 அடிக்கும் அப்பால் இருந்தது, பந்து உருண்டுகொண்டே போகும், ஆகவே பெருமையெல்லாம் மைதானத்துக்கே என்றார். கைதட்டலும் வாங்கினார்.

சரி, அந்தக் கணக்குக்கே வருவோம். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு 1909இல் திறக்கப்பட்டது. வில்சன் 1910இல் அடித்தது 13, 1911இல் 12, 1913இல் 14. நடுவில் 1912இல் மட்டும் 36. அந்த ஒரு வருஷம் மட்டும் சுவர் எழுந்து பின்னால் போய் நின்றதா? அப்புறம் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் போய்விட்டார். 1914இல் அங்கே எத்தனை? 12. பெரிய மைதானத்தை விட்டுப் போன பிறகும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் வருகிறது. மைதானம்தான் அள்ளிக் கொடுத்தது என்றால் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்?

24 போக மிச்சம் 12 இருக்கிறதே, அதை நண்பர் தொடவே இல்லை. வெளியூர் மைதானங்களில் அடித்த 12 அது. மற்ற வருஷங்களில் உள்ளூர், வெளியூர் எல்லாம் சேர்த்து அவர் எடுத்த அளவை அந்தப் பருவத்தில் வெளியூரிலேயே எடுத்துவிட்டார். ஜூன் மாதம் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் டிரிபிள் அடித்தார். அன்றைக்கு அவர் மட்டையில் ஏதோ ஒன்று சரியாகக் கூடி வந்திருந்தது, அதை ஒரு சுவரின் தலையில் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

டிரிபிள் என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பாருங்கள். ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை ஓட வேண்டும், ஒரு பேஸுக்கு 90 அடி, மொத்தம் 270 அடி, பந்து எங்கே போகிறது, ஃபீல்டர் குனிந்து எடுத்துவிட்டாரா, எறிகிற கை எப்படிப்பட்டது என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே கணித்து, இரண்டாவது பேஸை மிதிக்கிற நொடியில் நிற்பதா போவதா என்று முடிவெடுக்க வேண்டும். பந்து தூரம் போவதற்கு மைதானம் உதவும், மறுக்கவில்லை. அந்த நொடியில் காலை நிறுத்தாமல் ஓடியது வில்சன்.

அவர் மட்டுமா? அதே பருவத்தில் கிளீவ்லாந்தின் ஜோ ஜாக்சன் 26. அவர் இடது கை பேட்டர், இடது கைக்காரர் பலமாக அடித்தால் பந்து பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும், சொந்த மைதானமான லீக் பார்க்கில் வலது பக்கச் சுவரோ வெறும் 290 அடியில், பந்து உருண்டோட இடமே குறைவு. டெட்ராய்ட்டின் டை காப் 23. வில்சனோடு ஒரே அணியில், ஒரே மைதானத்தில் ஆடிய ஹோனஸ் வாக்னருக்கு 20. ஒரே மைதானம் ஆள் பார்த்து ஒருவருக்கு 36, இன்னொருவருக்கு 20 என்று பங்கு பிரிக்குமா?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் பைரேட்ஸ் 1970 வரை ஆடினார்கள். இடது-நடுவில் அந்தப் பரந்த வெளி கடைசி வரை இருந்தது. அத்தனை ஆண்டுகளில் வில்சனுக்கு அடுத்து அதிகம் அடித்த பைரேட்ஸ் ஆட்டக்காரர் கைகி கைலர், 1925இல், 26. பாக்கி பத்தை அந்த மைதானம் ஏன் யாருக்குமே தரவில்லை?