நான்கு அணிகள், ஒரே கணக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"கனடாவில் 1894-ஆம் ஆண்டின் அமெச்சூர் ஐஸ் ஹாக்கிப் பருவத்தைத் தூக்கி நிறுத்தியது ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையா, ஸ்டான்லி கோப்பையா?" என்ற தலைப்பில், ஆசைதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அந்த வெள்ளிக் கோப்பையைத் துடைத்துத் துடைத்து மேடையில் வைத்துவிட்டுப் போனார். பார்த்த நமக்கே கண் கூசியது. ஆனால் அவர் பேச்சில் ஸ்கேட் கட்டிய ஒருவர்கூட வரவில்லை. கோப்பையைக் கொடுத்த கனடாவின் கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு வந்தார், லண்டன் வெள்ளிக் கடை வந்தது, அந்தக்கால ஆங்கிலேயப் பணத்தில் பத்து கினி விலை வந்தது. ஆட்டத்தைப் பேசுவார் என்று காத்திருந்தால், ரசீதைப் படித்துவிட்டு அமர்ந்துவிட்டார்.

அந்தப் பருவம் எப்படி முடிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அணிகள் ஐந்து. மாண்ட்ரியல் நகரிலிருந்தே மூன்று: மாண்ட்ரியல் ஹாக்கி கிளப், விக்டோரியாஸ், கிரிஸ்டல்ஸ். வெளியூரிலிருந்து ஒட்டாவாவும் கியூபெக்கும். ஒவ்வோர் அணிக்கும் எட்டு ஆட்டங்கள். முடிவில் கூட்டிப் பார்த்தால் கிரிஸ்டல்ஸுக்கு ஒரு வெற்றியும் இல்லை. மற்ற நான்கும் ஐந்து வெற்றி, மூன்று தோல்வி. நான்கும் அதே கணக்கு! யாரைச் சாம்பியன் என்பது?

எதிரணியினரைக் கேட்கிறேன், இந்தச் சமபலம் கோப்பை போட்ட பிச்சையா? மாண்ட்ரியலின் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில் கூரைக்குக் கீழே முதல் ஆட்டம் நடந்தது 1875 மார்ச் 3 அன்று. 1883 பனித் திருவிழாவில் போட்டித் தொடரே நடந்து, மெக்கில் பல்கலைக்கழக அணி வென்றது. 1886 டிசம்பரில் கனடா அமெச்சூர் ஹாக்கிச் சங்கம் பிறந்தது. கோப்பை கைக்கு வந்ததோ 1893-இல். பதினெட்டு ஆண்டுகள் மோதி மோதி வளர்ந்த ஆட்டத்தின் மேல் கோப்பை வந்து உட்கார்ந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எதிரணி வரலாறு என்கிறது.

"கோப்பை இருந்ததால்தான் சமநிலையை முறிக்கத் தனி ஆட்டம் வைத்தார்கள்" என்றார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார். அழகாகத்தான் சொன்னார். 1888-இல் மாண்ட்ரியலும் விக்டோரியாஸும் சமநிலையில் நின்றபோதும் தனி ஆட்டம் நடந்ததே அம்மா, அப்போது எந்தக் கோப்பை இருந்தது? ஸ்டான்லி பிரபு ஐஸ் ஹாக்கியை முதன்முதலில் பார்த்ததே 1889 பனித் திருவிழாவில்தான்.

அடுத்து, எதிரணி வசதியாகத் தாண்டிப்போன ஒரு கதை. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1893-இல் ஏழு வெற்றி, ஒரு தோல்வியோடு மாண்ட்ரியல் ஹாக்கி கிளப் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டு கோப்பைக்கென்று தனியாக ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. சங்கப் பட்டியலில் முதலில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். மே மாதம் கோப்பையின் அறங்காவலர்களில் ஒருவரான ஷெரீஃப் ஜான் ஸ்வீட்லாண்ட் கோப்பையோடு மாண்ட்ரியலுக்கு வருகிறார். வந்தவர் எங்கே போகிறார்? ஹாக்கி கிளப் இணைந்திருந்த பெரிய அமைப்பான மாண்ட்ரியல் அமெச்சூர் தடகளச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு. கோப்பையை அதன் தலைவர் கையில் கொடுக்கிறார். ஆடி வென்ற கிளப்பின் தலைவர் வந்து வாங்கவில்லை. எங்கள் வியர்வைக்கு இன்னொருவர் மாலை வாங்குவதா என்று கிளப்புக்குக் கோபம். கடிதங்கள் பறந்தன, மாதக்கணக்கில் முறுகல் நீண்டது, கோப்பை திரும்பிப் போய்விடுமோ என்ற நிலைகூட வந்தது.

இதுதான் எதிரணி சொல்லும் 'உயிர்மூச்சு'! கோப்பைக்காகவே ஆடியவர்கள், யார் கை நீட்டினால் என்ன, வந்தால் சரி என்று வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்களா? இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வென்ற அணி தன் பெயரையும் ஆண்டையும் தன் சொந்தச் செலவில் பொறித்துக்கொள்ள வேண்டும் என்பது ஸ்டான்லி பிரபு விதித்த நிபந்தனை. கோப்பை சொந்தமும் ஆகாது, பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அமெச்சூர் விதிப்படி ஆட்டத்துக்குச் சம்பளம் ஒரு காசு கிடையாது. பரிசு வாங்கக் கையிலிருந்து பணம் போகிறது. வியாபாரம் தெரிந்த எவரும் இதற்காகக் குளிரில் இறங்க மாட்டார்கள்.

அந்தக் குளிரில் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். ஓர் அணிக்கு ஏழு பேர். அரை மணி நேரம் கொண்ட இரண்டு பகுதிகள், மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே இல்லை. இறங்கிய ஏழு பேரே அறுபது நிமிடமும் ஓட வேண்டும். பந்துக்குப் பதிலாகப் பனியில் சறுக்கி ஓடும் அந்த 'பக்' வட்டை முன்னால் நிற்பவருக்குத் தள்ளிக் கொடுக்கவும் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். இல்லையென்றால் தானே எதிரணியைப் பிளந்துகொண்டு போக வேண்டும். கோலுக்கு வலை கிடையாது. பனியில் நட்ட இரண்டு கம்பங்கள், ஆறடி இடைவெளி, அவ்வளவுதான். கம்பங்களுக்குப் பின்னால் பனியிலேயே ஒரு கோல் அம்பயர் நிற்பார். வட்டு உள்ளே போனதா, வெளியே போனதா என்பது அந்த மனிதரின் கண்ணுக்கும் மனச்சாட்சிக்கும் விட்ட விஷயம். கோல்கீப்பர் படுக்கக் கூடாது, மண்டியிடக் கூடாது, உட்காரக் கூடாது. நின்றபடியேதான் தடுக்க வேண்டும். வின்னிபெக் அணியின் கோல்கீப்பர் மெரிட் காலில் கிரிக்கெட் கால்காப்பு கட்டிக்கொண்டு வந்து பேசப்பட்டது 1896-இல். 1894-இல் அந்தச் சௌகரியமும் கிடையாது. பனியும் இயந்திரத்தில் உறைந்த பனியல்ல. வானம் கொடுத்த குளிர் இருக்கும் வரைதான் ஆட்டம்.

அந்தக் குளிர் விடைபெறும் மார்ச் மாதத்தில் தனி ஆட்டங்கள் வைத்தார்கள். மார்ச் 17 அன்று மாண்ட்ரியல், விக்டோரியாஸை 3–2 என்று வென்றது. மார்ச் 22 அன்று ஒட்டாவாவோடு இறுதி ஆட்டம். அரங்கில் ஏறக்குறைய 5,000 பேர். முதல் கோல் ஒட்டாவாவுடையது. பிறகு மாண்ட்ரியல் விழித்துக்கொண்டது. பில்லி பார்லோ இரண்டு கோல், ஆர்ச்சி ஹாட்ஜ்சன் ஒரு கோல், 3–1. "அந்த ஐயாயிரம் பேரும் கோப்பையைப் பார்க்க வந்தவர்கள்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அந்தக் கிண்ணத்தின் உயரம் ஏழேகால் அங்குலம். பின்வரிசையில் நின்றவர் அதைப் பார்க்கத் தொலைநோக்கி கொண்டுவந்திருக்க வேண்டும்.

நடுவர் மணியை நோக்கிக் கை நீட்டுகிறார். டாசன் நகரத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்து ஓடிவிட்டேன் என்பார்கள். யூகான் தங்க வயலிலிருந்து டாசன் அணி ஏறத்தாழ 4,000 மைல் கடந்து, 1905 ஜனவரியில் ஒட்டாவாவுக்கு வந்து கோப்பைக்கு மோதியது உண்மை. 9–2, 23–2 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் ஃபிராங்க் மெக்கீ மட்டும் பதினான்கு கோல் போட்டார். எதிரணி இதைத் தன் துருப்புச் சீட்டாக வைத்தது. சரி, தோற்ற பிறகு டாசன்காரர்கள் என்ன செய்தார்கள்? கோப்பை இல்லை, அதற்கான வாய்ப்பும் இல்லை; ஆனாலும் உடனே ஊர் திரும்பாமல் கிழக்கே ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். வழிச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டது என்பீர்கள். இருக்கட்டும், மறுக்கவில்லை. அந்தப் பதினான்கு கோல் போட்ட மெக்கீயை எடுத்துக்கொள்ளுங்கள். 1900-இல் ஆட்டத்தில் பட்ட அடியில் ஒரு கண்ணின் பார்வை போனது. சிறிது காலம் நடுவராக நின்று பார்த்தார், மனம் கேட்கவில்லை, 1903-இல் மறுபடி ஸ்கேட் கட்டினார். இருக்கும் ஒரு கண்ணையும் பணயம் வைக்கச் சொன்னது எந்த வெள்ளிக் கிண்ணம்? டாசன் படையெடுப்புக்கு வித்திட்ட வெல்டி யங் யார் தெரியுமா? 1894 இறுதி ஆட்டத்தில் தோற்ற அதே ஒட்டாவா அணிக்காரர். யூகானுக்கு உத்தியோகம் பார்க்கப் போன இடத்திலும் அவரால் ஹாக்கியை விட முடியவில்லை. கடைசியில் தேர்தல் வேலை குறுக்கே வந்து அவரே உரிய நேரத்தில் ஒட்டாவா போய்ச் சேர முடியாமல் போனது வேறு கதை.

மணி அடித்துவிட்டது, ஒரே ஒரு கேள்வியோடு இறங்கிவிடுகிறேன். நான்கு அணிகள் சமமாக நின்ற அந்த மார்ச்சில் கியூபெக் அணி என்ன செய்தது? ஆட்டங்களை மாண்ட்ரியலில் வைப்பதில் தகராறு மூண்டதும், போங்கள் என்று சொல்லிவிட்டு விலகிப்போனது. கோப்பை எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டே வெற்றி போதும். தங்கள் ஊர் மக்கள் முன்னால் ஆட முடியாத ஆட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று கோப்பையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் வேறு எதைச் சொல்வதற்கு முன்னாலும், கோப்பைக்காக உயிரை விட்டதாகச் சொல்லப்படும் அந்த ஆண்டில் கியூபெக் ஏன் ரயில் ஏறவில்லை என்பதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.