பிங்கர்ட்டனுக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, எதிரணியில் வந்து பலமாக அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற அண்ணன் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஓர் இசை ஆல்பத்தின் தரத்தைச் சொல்வது வெளிவந்தபோது கிடைத்த வரவேற்பா, பின்னால் வந்த மறுமதிப்பா? இதுதான் தலைப்பு. மறுமதிப்பே என்று பேச வந்திருக்கிறேன். அண்ணன் வழக்குக்கு எடுத்துக்கொண்டது, அமெரிக்க மாற்று ராக் குழுவான வீசர் 1996-ல் வெளியிட்ட 'பிங்கர்ட்டன்'. நல்லவேளை, அதையே எடுத்தார். நான் வேறு ஆல்பம் தேடி அலைய வேண்டியதில்லை.

மூன்று அடி அடித்தார். முதலில் கேட்கும் காது கள்ளமில்லாத காது என்றார். பின்னால் வரும் பாராட்டு இளமை நினைவின் மயக்கம் என்றார். கடைசியாக, பாடியவரே கைகழுவிய ஆல்பத்துக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய் என்று கேட்டார். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். இருக்கட்டும், வருகிறேன்.

கள்ளமில்லாத காதா? நடுவர் அவர்களே, 1996 செப்டம்பரில் இதைக் கேட்டவர்களின் காதுக்குள் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். 1994-ல் வந்த முதல் ஆல்பம். நீல அட்டை. ரிக் ஒகாசெக் தயாரித்தது. அழுக்கில்லாமல் துடைத்து வைத்த ஒலி, உடனே உதட்டில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. 'பட்டி ஹோலி' பாட்டுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த வீடியோ தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்டது. ஊரே இன்னொரு பட்டி ஹோலிக்குக் காத்திருந்தது.

அந்த நேரத்தில் பாடகர் ரிவர்ஸ் குவோமோ எங்கே இருந்தார்? ஹார்வர்டில், மாணவராக. பிறவியிலேயே ஒரு கால் குட்டை. அதை நீட்ட அறுவைசிகிச்சை செய்து, காலைச் சுற்றி இரும்புச் சட்டம் மாட்டி, அதன் திருகுகளைத் தினமும் தானே திருகிக்கொண்டிருந்தார். புகழ் வந்தாயிற்று, பேச ஆளில்லை. அந்தத் தனிமையில் பிறந்த பாட்டுகள்தாம் இந்த ஆல்பத்தில் பெரும்பாலானவை. வெளித் தயாரிப்பாளர் வேண்டாம் என்று குழுவே தயாரித்தது. கிதார் கீச்சிடும், டிரம்ஸ் பக்கத்து அறையில் யாரோ கோபத்தில் கதவைச் சாத்துவது போல விழும். கல்யாணத்துக்கென்று உடுத்திக்கொண்டு வந்தவரை ஆஸ்பத்திரி வார்டில் உட்கார வைத்தால் முகம் சுளிக்க மாட்டாரா? சுளித்தார்கள். அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாக அமெரிக்க இசைப் பத்திரிகையான ரோலிங் ஸ்டோனின் வாசகர்கள் இதற்கு வாக்களித்தார்கள். இவர்கள் கேட்டது இந்த ஆல்பத்தையா, முந்தைய ஆல்பம் இதில் இல்லாததையா?

இன்னொரு கூத்து. பெயரைக்கூட யாரும் நின்று படிக்கவில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் 'மேடம் பட்டர்ஃபிளை' என்ற ஆப்பராவில், அதாவது இசைநாடகத்தில், வரும் அமெரிக்கக் கடற்படை அதிகாரிதான் பிங்கர்ட்டன். நாகசாகியில் ஒரு சின்னப் பெண்ணை வசதிக்காகக் கட்டிக்கொண்டு, விட்டுவிட்டுக் கப்பலேறுகிறவன். கதையில் அவன்தான் கயவன். (அதே பெயருள்ள பாதுகாப்பு நிறுவனம் ஒன்று நீதிமன்றத்துக்கே போனது. நீதிபதி வழக்கைத் தள்ளினார். அவராவது ஆப்பரா தெரிந்தவர்!) ஒருவன் தன் ஆல்பத்துக்குக் கயவன் பெயரை வைக்கிறான் என்றால் அது தற்பெருமையா, குற்ற ஒப்புதலா? அன்றைய விமர்சகர்களில் சிலர் 'சிறுபிள்ளைத்தனம்' என்று எழுதிவிட்டு அடுத்த குறுந்தட்டை எடுத்துவிட்டார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், என் அணியினர் கோபித்தாலும் சரி. ஜப்பானிய ரசிகை ஒருத்தி எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த பாட்டு ஒன்று இதில் உண்டு. முகம் தெரியாத பெண்ணின் மீது தன் ஏக்கத்தையெல்லாம் ஏற்றிவைக்கும் பாட்டு. எனக்கு அது நெளிவைத் தருகிறது. இன்று கேட்கிற பலருக்கும் அப்படித்தான், அதைச் சொல்லவும் செய்கிறார்கள். மறுமதிப்பு என்றால் மாலை போடுவது என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். எங்கே உண்மை இருக்கிறது, எங்கே நாற்றம் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் பொறுமை பின்னால் வந்தவர்களுக்குத்தான் இருந்தது.

இளமை நினைவின் மயக்கம் என்ற அடிக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. வெளிவந்தபோதே பிடித்திருந்தால் அல்லவா பிறகு ஏங்க முடியும்? 1996-ல் வெறுத்த அதே ரோலிங் ஸ்டோனின் வாசகர்கள் 2002-ல் இதை எக்காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களில் 16-வது இடத்தில் வைத்தார்கள். 2004-ல் அந்தப் பத்திரிகையே ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

இப்போது, கைதட்டல் வாங்கிய அடி. 2001-ல் குவோமோ இதை 'அருவருப்பான ஆல்பம்' என்றார். உண்மை. அண்ணன் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார், நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன். அதே 2001-ல்தான் இது அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிக்கான தங்கச் சான்றிதழ் பெற்றது. 2008-ல் அதே வாயால் ஆழமானது, துணிச்சலானது என்றார். 2010-ல் ஊர் ஊராகப் போய், ஓர் இரவு நீல ஆல்பம், மறு இரவு பிங்கர்ட்டன் என்று முழுமையாக வாசித்தார்கள். அந்த 2001 வாக்குமூலம் எப்படி வந்தது தெரியுமா? மனதைத் திறந்து காட்டியவனை ஊர் சிரித்தது, அவன் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டான். அடிபட்டவன் வலியில் சொன்னதை அடித்தவருக்கே சாட்சியாக்குவது எந்த ஊர் நியாயம் அண்ணா?

புச்சீனிக்குத் திரும்புகிறேன். 1904 பிப்ரவரி 17, மிலானின் லா ஸ்காலா அரங்கு. 'மேடம் பட்டர்ஃபிளை' முதல் இரவு. கூச்சல், கேலி. ஒரே காட்சியோடு திரும்பப் பெற்றார். மே மாதம் பிரெஷியாவில் மறுபடி மேடையேற்றினார், வெற்றி. அண்ணன் எழுந்து, 'புச்சீனி திருத்தினாரே, முதல் வரவேற்பு சொன்னது சரிதானே' என்பார். ஆமாம், திருத்தினார். ஆனால் வீசர் என்ன திருத்தினார்கள்? 1996-ல் வெளிவந்த அந்தப் பத்துப் பாட்டில் ஒரு சுரம், ஒரு சொல் மாறவில்லை. அப்படியானால் இந்த வழக்கில் திருந்தியது யார்?

மணி அடித்துவிட்டார்கள். நடுவருக்கு ஒரே விண்ணப்பம். மொத்த ஆல்பமும் 35 நிமிடம்கூட இல்லை. தீர்ப்புக்கு முன்னால் காபி இடைவேளை உண்டல்லவா, அதில் கேட்டுவிடுங்கள். நீல ஆல்பத்தை மட்டும் அதற்கு முன்னால் யாராவது போட்டுக் காட்ட வந்தால், எதிரணி ஆள் என்று வெளியே அனுப்பிவிடுங்கள். வணக்கம்.