உள்ளே போகும் துணி

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாதம் ஒரு தடவையாவது இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு தாண்டி சேலம் டவுனுக்கு வந்துவிடுவேன். துணியும் தையல் சாமானும் வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மலையேறுவேன். சேலத்தில் துணி எடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்தத் தெருவில் எது மலிவு என்று நான் சொல்லப்போவதில்லை. விலை வாராவாரம் மாறும். எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது என்பதில்தான் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச்சேலை எடுத்திருந்தார்கள். ஜாக்கெட்டை நான்தான் தைப்பேன் என்று உரிமையோடு வாங்கி வைத்துக்கொண்டேன். காலையில் டவுனுக்கு வந்தவள் லேஸுக்கும் குஞ்சத்துக்கும் மூன்று மணி நேரம் அலைந்தேன். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான், ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற லைனிங் துணி ஞாபகம் வந்தது. கண்ணில் பட்ட கடையில் ஒரு மீட்டர் கிழித்து வாங்கிப் பையில் போட்டேன். தண்ணீரில்கூட நனைக்காமல் அப்படியே வெட்டித் தைத்தேன். விசேஷத்தன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் அலசலுக்குப் பிறகு அந்த ஜாக்கெட்டை மடியில் விரித்துப் பார்த்தேன். லைனிங் சுருங்கி உள்ளே இழுக்க, மேலே பட்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. கை சேர்த்த இடமெல்லாம் சுருக்கம். அக்குள் பக்கத்தில் லைனிங் சாயம் பட்டில் திட்டாக இறங்கியிருந்தது. "பரவாயில்லை சித்தி" என்றாள். அதற்கப்புறம் அவள் அதைப் போட்டு நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து டவுனுக்கு வந்தால் எனக்கு முதல் கடை லைனிங் கடைதான். உடம்பில் படுவது அதுதானே! வேர்வையைக் குடிப்பதும், கையைத் தூக்கும்போது இழுப்பைத் தாங்குவதும், கொக்கிப் பட்டியைப் பிடித்து நிறுத்துவதும் அந்த உள்துணிதான். அதைப் போய் மிச்சக் காசிலும் மிச்ச நேரத்திலும் வாங்குகிறோம்.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைவீதி, முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதி என்று நடந்தால் பெரிய ஜவுளிக்கடைகளுக்கு நடுவே தையல் சாமான் விற்கிற ஒடுக்கமான கடைகள் இருக்கும். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டும். சுவர் முழுக்க நூல்கண்டு. "என்ன தைக்கப் போறீங்கக்கா?" என்று கேட்டுவிட்டுத் துணியை எடுக்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

லைனிங்கைக் கையில் வாங்கியதும் ஒரு மூலையை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்துக் கசக்குங்கள். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் அது கஞ்சி. கஞ்சியால் கெட்டியாகத் தெரிகிற துணி, ஒரு தடவை நனைந்தால் சல்லடையாகிவிடும். அடுத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். இழை ஒரே சீராக இருக்கிறதா, இடையிடையே இடைவெளி விழுந்திருக்கிறதா என்பது அப்போது தெரியும். அடர்ந்த நிறமாக இருந்தால், கைக்குட்டையின் நுனியை ஈரமாக்கி நான்கு தடவை தேய்த்துப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்தால் யாரும் கோபிப்பதில்லை. சாயம் ஒட்டினால் வேண்டாம்.

பன்னாவையும், அதாவது துணியின் அகலத்தையும், கேளுங்கள். 36 இன்ச் பன்னாவும் உண்டு, 44 இன்ச் பன்னாவும் உண்டு. முழங்கை வரை கை வைத்துத் தைக்கிறவர்கள் குறைந்த பன்னாவில் 80 சென்டிமீட்டர் வாங்கிவிட்டு, கடைசியில் கைக்கு ஒட்டுப் போட்டுத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கத்தரியால் வெட்டித் தருவதைவிடக் கிழித்துத் தந்தால் நல்லது. கிழிசல், குறுக்கே ஓடுகிற ஊடை நூலோடு நேராக ஓடும். வெட்டும்போது துணி கோணாது.

"இது சுருங்காதுங்க" என்பார்கள். சொல்லட்டும். வீட்டுக்கு வந்ததும் ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும். நனைப்பதற்கு முன்னும் பின்னும் டேப் வைத்து நான் அளந்திருக்கிறேன். ஒரு மீட்டருக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைந்த துணிகள் உண்டு. ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டியில் அந்த நான்கு சென்டிமீட்டர் என்ன பாடு படுத்தும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவதாக வாங்க வேண்டியது நூல். கண்டை அப்படியே துணிமேல் வைத்து நிறம் பார்க்காதீர்கள். ஓர் இழையைப் பிரித்து, துணியின் மேல் நீளமாக விட்டுப் பாருங்கள். கண்டில் அடர்த்தியாகத் தெரிகிற நிறம், தனி இழையாக வந்ததும் வெளுத்துத் தெரியும். அதனால் துணியைவிட ஒரு சாயல் அடர்ந்த நூலை எடுப்பது என் பழக்கம். டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல் கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இழையில் முடிச்சும் பிசிறும் இருந்தால் மிஷின் ஊசிக்காதில் சிக்கி அறுந்துகொண்டே இருக்கும்.

கொக்கி வாங்கப் போகும்போது என் பர்ஸில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். இரும்புக் கொக்கி காந்தத்தில் ஒட்டும், பித்தளை ஒட்டாது. இரும்புக்கு மேலே பூசிய பூச்சு தேய்ந்ததும், வேர்வை பட்டுத் துருப்பிடித்து, துணியில் பழுப்பு வளையம் விழும். அந்தக் கறை லேசில் போகாது. விலையில் இருக்கிற வித்தியாசம் ஒரு டீக்காசு. ஊசியும் அப்படித்தான். மெல்லிய பட்டுக்கு 11ஆம் நம்பர், சாதாரண ஜாக்கெட்டுக்கு 14, கெட்டித் துணிக்கு 16 அல்லது 18. முனை மழுங்கிய ஊசியால் பட்டைத் தைத்தால் இழை இழுபட்டுக் கோடு விழும். ஜிப், எலாஸ்டிக் இதெல்லாம் இழுத்துப் பார்த்து வாங்கினால் போதும்.

இவ்வளவும் பைக்குள் போன பிறகு மேல்துணிக்கு வாருங்கள். அம்மாபேட்டை, குகை, இளம்பிள்ளை என்று சுற்றிலும் தறிச்சத்தம் கேட்கிற ஊர் நம்முடையது. மாப்பிள்ளை வேட்டிக்குப் பேர்போன வெண்பட்டு நெய்கிற ஊர். 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இங்கே இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் துணியை விரலால் பார்க்கத் தெரியாமல் ஏமாறக்கூடாது என்பது என் ஆசை. பட்டு என்று சொன்னால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் வந்து ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி நெருப்பில் காட்டினால், பட்டு முடி கருகுகிற வாசனை அடிக்கும். சாம்பல் விரலில் பொடிந்துவிடும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி இறுகிக்கொள்ளும்.

எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் கையில் கொஞ்சம் காசு புழங்கும். பொங்கலுக்குத் துணியெடுக்கப் பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். அந்தச் சமயம் ஏற்காட்டில் பனியும் மூட்டமும். ஊறவைத்த லைனிங் காய இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள்கூட ஆகும். அதையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே வாங்குங்கள்.

போன தை மாதம் என்னிடம் படிக்கிற ஒரு பெண் தன் அம்மாவுக்கு முதல் ஜாக்கெட் தைத்தாள். தோட்ட வேலைக்குப் போகிற அம்மா. லைனிங்கை வாளியில் போட்டவள் மறுநாள் காலையிலும் வந்து தொட்டுப் பார்த்தாள், சாயங்காலமும் வந்து தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ஈரமா இருக்குதுங்கக்கா, இஸ்திரி வச்சுக் காய வச்சிரட்டுமா?" என்றாள். "இரு கண்ணு, தானா காயட்டும்" என்றேன். மூன்றாம் நாள் மதியம் கொஞ்சம் வெயில் அடித்தது. கொடியிலிருந்து எடுத்து, டேப்பை விரித்து அளந்து, "மூணரை குறைஞ்சிருக்குதுங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அதன் பிறகுதான் கத்தரியை எடுத்தாள்.

வணக்கம்.