சாலை பிரியும், கருத்து மாறுபடும்
(சென்னையில் மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்போகிறேன் என்று தலைவர் அறிவித்துவிட்டார். அஞ்ச வேண்டாம், அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சொல் ‘டைவர்ஜ்’. லத்தீனில் விலகலைக் குறிக்கும் முன்னொட்டும், சாய்தல் அல்லது வளைதல் என்னும் வினையும் சேர்ந்து பிறந்தது. ஓரிடத்தில் தொடங்கிய இரண்டு, போகப்போக ஒன்றைவிட்டு ஒன்று அகன்றுகொண்டே போவதுதான் அதன் பொருள். அகராதியைப் புரட்டினால் பிரி, விலகு, கிளை, விரி, வேறுபடு, மாறுபடு என்று கொத்தாகக் கிடைக்கும். நம்மில் பலர் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

சாலையிலிருந்து தொடங்குவோம். நெடுஞ்சாலையை விட்டு ஒரு சாலை உள்ளூருக்குத் திரும்பும் இடத்துக்கு என்ன பெயர்? கோவைப் பக்கம் ஊர்ப் பெயரோடு ‘பிரிவு’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பஸ் நிறுத்தத்துக்கே அதுதான் பெயர். மதுரைக்குத் தெற்கே அதே மாதிரி இடம் ‘விலக்கு’. நம் சென்னையிலிருந்து செங்கல்பட்டைத் தாண்டிப் போனால் படாளம் ‘கூட்டு ரோடு’ வருகிறது. கோவைக்காரர் சாலை பிரிவதைப் பார்க்கிறார், தெற்கத்திக்காரர் விலகுவதைப் பார்க்கிறார், நாம் இரண்டும் வந்து கூடுவதைப் பார்க்கிறோம்! ஆங்கில வினைக்கு இந்தச் சலுகை இல்லை. அது ஒரு திசையில் மட்டுமே பார்க்கும். எதிர்த்திசையில் பார்க்க ‘கன்வர்ஜ்’ என்று வேறு சொல் வேண்டும்.

சாலை கிளைப்பதற்கென்றே தமிழில் ஒரு வினை இருந்தது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு நடந்து செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். இன்ன குளத்தைக் கடந்தால் பாதை சிவபெருமானின் சூலம் போல மூன்றாகிவிடும் என்கிறான். ‘அறைவாய்ச் சூலத்து அருநெறி கவர்க்கும்’ என்பது வரி. அந்தக் ‘கவர்க்கும்’ என்பதைக் கவனியுங்கள். கவர்ந்தது என்றால் பறித்தது, கவர்த்தது என்றால் கிளைத்தது. ஓர் எழுத்தில் பொருள் தலைகீழாகிறது. சங்கப் பாடல்களில் பல வழிகள் கிளைக்கும் இடத்துக்குக் ‘கவலை’ என்று பெயர். எந்த வழியில் போவது என்று தெரியாமல் நிற்பவனின் மனநிலைதான் இன்றைய கவலை என்று விளக்கம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சொற்பிறப்பு விஷயத்தில் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

கவை, கவட்டை என்று பெயர்ச்சொற்கள் இன்னும் பேச்சில் இருக்கின்றன. வினை மட்டும் வழக்கொழிந்துவிட்டது. அதை மீட்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ‘இங்கே சாலை கவர்க்கிறது’ என்று எழுதினால், சாலை அழகாக இருக்கிறது போலும் என்றுதான் வாசகர் நினைப்பார்.

ஆகவே சாலைக்கும் ஆற்றுக்கும் ‘பிரி’யே போதும். பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் கும்மிடிப்பூண்டித் தடமும் அரக்கோணத் தடமும் பிரிகின்றன. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. யாருக்கும் மனவருத்தம் இல்லை. அதே சொல்லை மனிதர்மேல் வைத்துப் பாருங்கள், கதையே மாறிவிடும். பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிதல்தான். பிரிவுத் துயர், பிரிவு உபசார விழா என்று அந்தச் சொல் இரண்டாயிரம் ஆண்டு ஏக்கத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. இரண்டு நண்பர்களின் அரசியல் பாதைகள் ‘டைவர்ஜ்’ ஆயின என்று ஓர் ஆங்கில வாழ்க்கை வரலாற்றில் வந்தால், ‘இருவரும் பிரிந்தனர்’ என்று முடித்துவிடுகிறோம். வாசகர் ஒரு சண்டையைக் கற்பனை செய்துகொள்கிறார். மூலத்தில் அவர்கள் வாரந்தோறும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்! ‘இருவரின் அரசியலும் வெவ்வேறு திசையில் போயிற்று’ என்று எழுதியிருந்தால் போதும்.

‘விலகு’ இன்னொரு வகையில் ஏமாற்றும். அது ஒன்றை நிலையாக நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் நகர்த்துகிறது. விதியிலிருந்து விலகினார் என்றால் சரி, விதி நிலையானது. ஆனால் இரண்டு நீதிபதிகள் ஒரு வழக்கை வேறுவேறாகப் பார்த்தால், யார் யாரிடமிருந்து விலகினார்? ‘நீதிபதி விலகினார்’ என்றால் வழக்கையே விசாரிக்க மறுத்துவிட்டார் என்று பொருளாகும். இதில் நம் செய்தியாளர்களைப் பாராட்ட வேண்டும். 2018 ஜூன் 14 அன்று, 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஒத்துப்போகவில்லை. வழக்கு மூன்றாவது நீதிபதிக்குப் போயிற்று. இத்தகைய தீர்ப்புக்குச் செய்தி மேசையில் ‘மாறுபட்ட தீர்ப்பு’ என்று எழுதுவார்கள். இருவரும் சம தூரத்தில் நிற்கிறார்கள், யாரும் யாரையும் விட்டு ஓடவில்லை. அகராதியைப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. எழுதி எழுதிக் கைக்கு வந்த சொல்.

அறிவியலில் ‘குவி’, ‘விரி’ என்னும் இணை இருக்கிறது. குவிலென்சு ஒளியைக் குவிக்கும், குழிலென்சு விரிக்கும். பூவும் விரியும், குவியும் என்பதால் சிறுவர்களுக்கும் விளங்கும் சொற்கள். கணிதத்தில்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு. எல்லையற்ற கூட்டுத்தொடர் ஓர் எண்ணை நோக்கி நெருங்கினால் குவிகிறது, இல்லையென்றால் ‘விரிகிறது’ என்கிறார்கள். இதே சென்னையில், துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் 1913 பிப்ரவரி 27 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், 1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டினால் தம் கோட்பாட்டின்படி −1/12 வரும் என்றார். இதைச் சொன்னதும் எனக்குப் பைத்தியக்கார மருத்துவமனைக்கு வழிகாட்டுவீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தத் தொடர் பெருகிக்கொண்டே போவது. அதை விரியும் தொடர் என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் 1−1+1−1 என்று போகும் தொடர்? கூட்டிக்கொண்டே வந்தால் 1, 0, 1, 0 என்று நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். இதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். அங்கே அதற்குக் குவியவில்லை என்பதைத் தவிர வேறு பொருளே இல்லை. இதில் என்ன விரிகிறது?

பொது வாசகருக்கு எழுதும்போது ‘குவியாத தொடர்’ என்றே எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன். அவையில் கணித ஆசிரியர்கள் இருந்தால் தேநீர் இடைவேளையில் சண்டைக்கு வரலாம்.