குழந்தை தூங்கிய பிறகு
(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மயக்க மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கும் நர்சிங் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் மயக்க மருந்து கொடுக்கிறவள், அதிகமும் குழந்தைகளுக்கு. ஊசி என்றாலே அழுவார்கள் என்பதால், முகத்தில் மாஸ்க் வைத்து செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தை மூச்சோடு கொடுத்துத் தூங்க வைப்போம். அப்போது நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் வாயு ஓட வேண்டும். சரி. தூங்கிய பிறகு, நம் மெஷின்களில் பெரும்பாலும் 1 லிட்டரே போதும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பல வருடம் வாயு ஓட்டத்துக்கான குமிழைத் திருகிக் குறைத்ததே இல்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

அந்த மருந்தில் உடம்பு செரித்துக்கொள்வது அதிகம் போனால் 5 சதவீதம். மிச்சமெல்லாம் மூச்சில் வெளியேறி, குழாய் வழியாக மொட்டைமாடிக்கு மேலே போய்விடுகிறது. எடைக்கு எடை கரியமில வாயுவைவிட நூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும். டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க மருந்து இன்னும் மோசம், சுமார் 2,500 மடங்கு. ஸ்காட்லாந்து அரசு மருத்துவமனைகள் 2023-இல் அதை நிறுத்தியே விட்டன. மயக்கத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவோ நூறு வருடத்துக்கு மேல் காற்றில் நிற்கும். இன்று நான் திறந்துவிடுவது, மேசையில் படுத்திருக்கும் பிள்ளையின் பேரன் காலத்திலும் இருக்கும். தானே புயலைப் பார்த்த ஊர் இது. கடல் சூடானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆக்சிஜன் அளவு கொஞ்சம் இறங்கினாலும் குமிழை முழுக்கத் திறப்பேன். வீணாக ஓடுவதைத்தான் சொல்கிறேன்.

புதுச்சேரி போகும் வழியில், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். அரவிந்த் மருத்துவமனைகளின் கண்புரை அறுவை வெளியிடும் கரியமில அளவு, பிரிட்டனில் ஆவதில் சுமார் 5 சதவீதம்தான் என்று 2017-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து, திரும்பவும் எடுக்கிறார்கள். நம் பக்கத்து ஊரில் நடப்பது குழந்தைகள் ஆபரேஷன் தியேட்டரிலும் நடக்கலாம். உள்ளங்கை அகல வயிற்றுக்குப் பெரியவர்களுக்கான கருவித் தட்டை முழுசாகப் பிரிக்கிறோம். பாதிக் கருவி தொடப்படாமலே திரும்பிக் கழுவப் போகிறது.

அப்புறம் சளி. பண்ருட்டிப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, பால்கூடக் கொடுக்காமல் பட்டினியாகக் கூட்டி வருவார்கள். மூக்கு ஒழுகி, நெஞ்சில் கரகரப்பும் இருந்தால் மயக்கம் கொடுக்காமல் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிடும். அறுவைக்கான பேக்கைப் பிரித்திருந்தால் அதுவும் குப்பை. அதனால் இப்போதெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே போன் போட்டு, “பிள்ளைக்குச் சளி ஏதும் இருக்காம்மா?” என்று நானே கேட்டுவிடுகிறேன்.